தொண்ணூற்றெட்டு சதவீதம்

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குப் பெட்டி கத்த ஆரம்பித்தது.

பெரிய கத்தல் ஒன்றும் இல்லை. மூன்று நொடிக்கு ஒரு தரம் 'பீப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் கடைசி நாற்காலிவரை கேட்டது. பத்துத் தலைகள் நிமிர்ந்து, கண்ணாடிக் கதவு போட்ட அந்தச் சின்ன அறையைப் பார்த்தன. அப்புறம் அதே பத்துத் தலைகளும் பெட்டிக்காரரைப் பார்த்தன.

அது கட்டட வரைபடம் போடுகிற அலுவலகம். அங்கே வரைந்த வீடு, பள்ளிக்கூடம், மாடிப்படி, கழிவுநீர்க் குழாய் எல்லாமே அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தன. இரண்டு செருப்பு டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வருகிற உயரம். முன்பக்கம் நாலு சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். யார் எந்தக் கம்ப்யூட்டரில் எதை வரைந்தாலும், ஒயர் வழியாக இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெட்டிக்காரர் என்பது அவருடைய பதவி இல்லை. அவர் ஆபீஸ் மேனேஜர். சாவி, பல்பு, பேப்பர் கட்டு, ஆடுகிற நாற்காலி, இவற்றுக்குப் பொறுப்பு. ஒருநாள் பிரிண்டர் வாயில் மாட்டிக்கொண்ட காகிதத்தைக் கிழியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு பாவத்துக்காக, பெட்டி வந்தபோது அதையும் அவர் தலையில் கட்டினார்கள். கட்டியவர் பெரியவர், அதாவது அலுவலகத்தின் முதலாளியான ஆர்க்கிடெக்ட். "உங்களுக்குத்தான் கைராசி இருக்கு" என்றார். பெட்டிக்காரருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். வேறு யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டு ஒன்று தனக்கு மட்டும் தெரியும் என்பது, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதருக்குச் சாதாரண விஷயமா?

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் 'ஏன்' என்று கேட்காமல் விடமாட்டார். லிஃப்ட் ஏன் இரண்டாம் மாடியில் மட்டும் முனகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மதியம் மேலும் கீழும் போய் வந்தவர். எதிர்க் கட்டடத்துச் சுவரில், மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதைப் பார்த்த அன்றே, 'இது வளருதா இல்லையா' என்ற கேள்வி அவர் மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு, அதே ஜன்னலில் முழங்கையை ஊன்றி, போனில் ஒரு போட்டோ எடுப்பார். விடுமுறை நாளில்கூடக் கிளம்பி வந்து எடுத்துவிட்டுப் போவார். படம் தானாகவே பெட்டிக்குள் அவருடைய ஃபோல்டருக்குப் போய்விடும். ஃபோல்டருக்குப் பெயரே 'விரிசல்'. இரண்டாயிரத்து இருநூறு படங்கள் சேர்ந்திருந்தன. மாதம் முதல் தேதியன்று திறந்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஆறு வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அவரும் கண்டுகொள்வதில்லை.

இப்போது பெட்டி கத்தியதும் அவர் முதலில் செய்தது, சத்தத்தை நிறுத்தியது. இரண்டாவதாகத் தன் கம்ப்யூட்டரில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம். 'வால்யூம் 1: எச்சரிக்கை. 96 சதவீதம் நிறைந்துவிட்டது.'

"வால்யூம்னா என்ன சார்?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் ரிசப்ஷன் பெண்.

அவருக்கு விளக்கம் சொல்வதென்றால் கொள்ளைப் பிரியம். மூன்று டிஸ்க்கைச் சேர்த்து ஒரே பெரிய கோடவுன் மாதிரி ஆக்கியிருக்கிறது, அதற்குப் பெயர்தான் வால்யூம் என்றார். நாலாவது டிஸ்க் தனி ஆள், அந்தக் கோடவுனில் இருப்பதை எல்லாம் தினமும் ஒரு நகல் எடுத்துச் சுருக்கி வைத்துக்கொள்ளும் என்றார். கோடவுன் நிரம்பினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். "வாசல்ல ஆளை நிறுத்தி, இனிமே உள்ள எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிடும்" என்றார்.

அந்த வாரம் அப்படிச் சொன்னால் குடி முழுகிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒரு நூலகக் கட்டடத்தின் வரைபடங்களைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். ஏழு மாதமாகப் பதினோரு பேரும் அந்த நூலகத்துக்குள்ளேதான் குடியிருந்தார்கள். ஜெயித்தால் மூன்று வருஷத்துக்கு எல்லாருக்கும் வேலை. "ஜெயிக்கலேன்னா..." என்று பெரியவர் போன வாரக் கூட்டத்தில் ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார். அவர் முடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

பெட்டிக்காரர் ஆபீஸ் குரூப்பில் ஓர் அறிவிப்புப் போட்டார். 'இன்று மாலை ஐந்து மணிக்குப் பெட்டியிலுள்ள தேவையற்ற ஃபைல்கள் அழிக்கப்படும். தேவையானவற்றை அவரவர் பாதுகாத்துக்கொள்ளவும்.' பத்துப் பேரும் கட்டை விரலை உயர்த்தினார்கள். ஒருவரும் ஒரு ஃபைலைக்கூட அழிக்கவில்லை.

மதியம் த்ரீடி அக்கா வந்தார். கட்டடத்துக்கு வெயிலும் நிழலும் போட்டு, நிஜம்போலப் படமாக்குகிறவர். அவருடைய ஃபைல்கள்தான் பெட்டியிலேயே பெருத்தவை.

"சார், சேவ் ஆக மாட்டேங்குது. எழுத அனுமதி இல்லைன்னு வருது."

பெட்டி நிரம்பினால் அப்படித்தான் சொல்லும். ஆனால் 'அனுமதி' என்ற சொல் கண்ணில் பட்டதும் பெட்டிக்காரருக்கு வேறு யோசனை போய்விட்டது. அனுமதிப் பட்டியலைத் திறந்தார். யார் எந்த ஃபோல்டரில் எழுதலாம் என்று வரிசையாகக் கட்டங்கள். பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. 'இதுதான் சங்கதி' என்று எல்லாருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் வரிசையாக டிக் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டார். பத்துப் பேர் கை கட்டி உட்கார்ந்திருந்த எட்டு நிமிடத்துக்குப் பிறகு அது எழுந்து வந்தது. தற்காலிகமாகத் தேங்கியிருந்தவை கழிந்ததில் கொஞ்சம் இடம் கிடைத்து, த்ரீடி அக்காவின் படம் உள்ளே போய்விட்டது. டிக் அடித்ததுதான் வேலை செய்திருக்கிறது என்று பெட்டிக்காரர் முடிவு கட்டி, அத்தனை டிக்கையும் அப்படியே விட்டுவிட்டார்.

மாலை ஐந்து மணிக்குச் சொன்னபடி அழித்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய பிறந்தநாள் வீடியோக்கள் போயின. கட்டாத வீடுகள் போயின. பிறகு கம்பியின் ஃபோல்டருக்கு வந்தார். கம்பி என்பவர் கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று பார்க்கிற இன்ஜினியர். ஆளும் கம்பி மாதிரிதான். அவர் ஃபோல்டரில் ஒரே தூணுக்கு ஐந்து ஃபைல்கள் இருந்தன: 'இறுதி', 'இறுதி புதுசு', 'இறுதி கடைசி', 'இதுதான் இறுதி', 'சத்தியமா இதுதான் இறுதி'. சத்தியம் செய்ததை வைத்துக்கொண்டு மற்ற நாலையும் அழித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், நான் 'இறுதி புதுசு'லதானே வேலை பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்போ சத்தியம் பண்ணது?"

"அது போன மாசம் பண்ணது சார்."

கம்பி சுவரில் சாய்ந்துகொண்டார். நூலகத்தின் இருபத்தெட்டுத் தூண்களும் அதில்தான் இருந்தனவாம். ஹாலில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி செய்த கம்பெனிக்குப் பெட்டிக்காரர் போன் போட்டார். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு குரல் வந்தது. அழித்தவை உடனே போகாது, குப்பைத்தொட்டி என்று ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றது. கம்பியின் தூண்கள் திரும்பி வந்தன. கம்பி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

ஆனால் அந்தக் குரல் சொன்ன இன்னொரு விஷயம் பெட்டிக்காரரைப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் இருக்கும்வரை அவை இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஓகோ, நேற்று அவ்வளவு அழித்தும் 96 ஏன் 96 ஆகவே நின்றது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரு விடை கிடைத்துவிட்டால் கால் தரையில் பாவாது. தொட்டியைக் காலி செய்தார். தொட்டி என்ற ஏற்பாட்டையே நிறுத்தினார். 88-க்கு இறங்கிவிட்டது. ஹால் நடுவில் போய் நின்று அதைச் சொன்னார்.

"குப்பைத்தொட்டியை எடுத்துட்டேன். இனிமே நான் ஒண்ணை அழிச்சா, அழிச்சதுதான். திரும்பி வராது."

 கம்பி த்ரீடி அக்காவைப் பார்த்தார். த்ரீடி அக்கா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு வருஷமாகப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதற்கு இப்போதுதான் மரியாதை கிடைக்கிறது என்று பெட்டிக்காரர் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை 94.

அவர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். 94 தான். ஒரே நாளில் யார் இவ்வளவு வரைந்தது? இப்போதுதான் அவருக்கு உண்மையான சுவாரசியம் பிடித்தது. நோட்டு ஒன்றை எடுத்துப் பத்து வரி போட்டு, பத்துப் பேர் ஃபோல்டரையும் அளந்து எழுதினார். எழுத எழுதப் புருவம் மேலே போயிற்று. எல்லா ஃபோல்டரும் இளைத்திருந்தது. த்ரீடி அக்காவுடையது கால்வாசியாகிவிட்டது. கம்பியின் ஃபோல்டரில் ஒன்றுமே இல்லை. பெரியவருடையதில் ஒரே ஒரு ஃபைல், அதுவும் விடுமுறைப் பட்டியல். லிஃப்டில் ஏறியவர்கள் அத்தனை பேரும் மெலிந்திருக்க, லிஃப்டின் மொத்த எடை மட்டும் கூடிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அவர் தன் ஃபோல்டரை அளக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஒரு படம் மூன்று எம்பி, இரண்டாயிரத்து இருநூறு படம், ஆறு ஜிபி சொச்சம். இந்தக் கோடவுனில் அது ஒரு மூலையில் வைத்த சின்னப் பொட்டலம்.

ஒவ்வொருவராகப் போய் விசாரித்தார். எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். "தேவையில்லாததை எல்லாம் எடுத்துட்டேன் சார்." பேச்சிலும் ஒரு புதுப் பணிவு இருந்தது. அதைவிட ஆச்சரியம், எல்லாருக்கும் திடீரென்று விரிசல்மேல் அக்கறை வந்திருந்தது.

"உங்க விரிசல் படமெல்லாம் நல்லா இருக்கா சார்?" என்று த்ரீடி அக்கா கேட்டார்.

"இருக்கு, இருக்கு."

"அது முக்கியம் சார். விட்டுடாதீங்க."

ஆறு வருஷமாகக் கேலி செய்தவர்கள்.  ஒரு மனிதன் ஒரே காரியத்தை விடாமல் செய்துகொண்டே போனால் உலகம் ஒருநாள் புரிந்துகொள்ளத்தான் செய்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

இடத்தைத் தின்கிறது யார் என்பது மட்டும் தெரியவில்லை. கம்ப்யூட்டர்களில் இருக்கும் வேண்டாத ஃபைல்கள்தான் எப்படியோ தாமாகப் பெட்டிக்கு வந்துவிடுகின்றன என்று ஒரு கருத்து உதித்தது. உடனே இரண்டாவது அறிவிப்புப் போட்டார். 'நாளை காலை முதல் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் சோதிக்கப்படும். தேவையற்றவை அங்கேயே அழிக்கப்படும்.' இந்தத் தடவை யாரும் கட்டை விரலை உயர்த்தவில்லை.

சாயங்காலம் வீட்டில் இதையே மனைவியிடம் சொன்னார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே மனைவி கேட்டார்.

"போன வருஷம் நீங்க வீட்டை ஒழிச்சுக்கட்டறேன்னு கிளம்பினீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"அப்போ என் சாமான் ஒண்ணுகூட உங்க கைக்குச் சிக்கலை, பார்த்தீங்களா?"

"ஆமா, ஏன்? எங்க வச்சிருந்தே?"

"அதைச் சொல்லிட்டா அடுத்த தடவை நான் எங்க போறது?" என்று சிரித்துக்கொண்டே அவருடைய சட்டைகளை அவருடைய அலமாரியில் வைத்து மூடினார். இதற்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று பெட்டிக்காரருக்குப் புரியவில்லை. பெண்கள் பேச்சை அடிக்கடி மாற்றுவார்கள் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர்களைச் சோதித்தார். அத்தனையும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலச் சுத்தமாக இருந்தன. ஒரு வரைபடம் கிடையாது, ஒரு குடும்பப் படம் கிடையாது. திருப்தியாகத் தன் இடத்துக்கு வந்து பார்த்தால், பெட்டி 98.

பீப். பீப். பீப்.

அவர் கையைப் பிசைந்துகொண்டு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளே நாலு இழுப்பறை. மூன்று டிஸ்க் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, நாலாவது டிஸ்க் நகல் வைத்துக்கொண்டு ஜாலியாக உட்கார்ந்திருக்கிறது. நகல்தானே, அசல் இருக்கும்போது நகல் எதற்கு? நாலாவதையும் கோடவுனோடு சேர்த்துவிட்டால் இடம் ஏராளமாகக் கிடைக்குமே. பக்கத்தைத் திறந்து, சேர்க்கும் பொத்தானை அழுத்தினார். 'இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். சம்மதமா?' என்று பெட்டி கேட்டது. சம்மதம் என்றார்.

'வால்யூம் விரிவாக்கப்படுகிறது. மீதமுள்ள நேரம்: 41 மணி.'

மணி அப்போது மூன்று. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். சனிக்கிழமை காலை எட்டு மணி. நூலகம் போக வேண்டியது வெள்ளிக்கிழமை மதியம். நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. விரிவாக்க வேலையில் இறங்கிய பெட்டி மற்ற வேலைகளில் சுணங்க ஆரம்பித்தது. ஒரு ஃபைலைத் திறந்தால், எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வரலாம்.

பெட்டிக்காரரின் அறைக்குப் பெரியவர் வந்தார். பெட்டிக்காரர் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பெரியவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். ஆனால் பெரியவர் அவர் தோளில் கை வைத்து, மெதுவான குரலில், "உங்க விரிசல் ஃபோல்டர் பத்திரமா இருக்கில்ல?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"அது போதும். அது இருந்தா நாம பார்த்துக்கலாம்."

இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார்? தலைக்கு மேல் வெள்ளம் போகிற நேரத்திலும், கீழே வேலை பார்க்கிற ஒருத்தனின் சின்ன ஆசையைப் பற்றி விசாரிக்கிறார். பெட்டிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இந்த மனிதரைக் கைவிடக் கூடாது என்று அப்போதே மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குப் பெட்டி 99 சதவீதம் காட்டி, வாசலை அடைத்துவிட்டது.

"இன்னும் எவ்வளவு இடம் வேணும்?" என்று த்ரீடி அக்காவிடம் கேட்டார்.

"நேத்து வரைக்கும் பண்ணது பெட்டியில பத்திரமா இருக்கு சார். எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து அனுப்பற ஃபைலை மட்டும் எழுதணும். அஞ்சு ஜிபி கிடைச்சாப் போதும்."

"அஞ்சா?"

"அஞ்சே அஞ்சுதான். அதுக்குத்தான் வழி இல்லையே."

 ஆறு ஜிபி சொச்சம் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்காரருக்குத்தான் தெரியுமே.

பதினைந்து நிமிடம் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது, திறந்த ஃபைல்களை எல்லாம் மூடிவிட்டுப் போய் டீ குடியுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னார். என்ன செய்யப் போகிறார் என்று கம்பி கேட்டதற்கு, "ஒரு வழி இருக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தனை பேரும் ஓரத்திலிருந்த டீ அறைக்குள் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். டீ போட்டுக் கொடுத்து, அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற டீ அக்கா நிற்க இடமில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

பெட்டிக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலில் 'விரிசல்' இருந்தது. ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று சுட்டியை அதன்மேல் கொண்டுபோனார். திறந்தால் மனசு வராது. எத்தனை காலைகள் அதற்குள் இருக்கின்றன. மூன்றாம் வருஷம் ஒரு பெயின்டர் வந்து விரிசலைப் பூசி மறைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் பூச்சைப் பிளந்துகொண்டு அது மறுபடியும் எட்டிப் பார்த்தது. அன்று அவருக்கு வந்த சந்தோஷத்தை வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை. போன மழைக்கு அது கிளை பிரிந்தது. இன்னும் இரண்டு வருஷம் எடுத்திருந்தால் அது ஜன்னலைத் தொடுகிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். இனிமேல் எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? நிஜமாகவே அழுகை வந்தது.

ஆனால் ஏழு மாத நூலகம், பதினோரு பேர் வேலை, தோளில் வைத்த அந்தக் கை. இவற்றுக்கு முன்னால் ஒரு விரிசல் எம்மாத்திரம்?

ஃபோல்டரைத் திறக்காமலேயே அழுத்தினார்.

'இது நிரந்தரமாக அழிக்கப்படும். மீட்க முடியாது. உறுதியா?'

'ஆம்' என்பதை அழுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து ஜன்னலருகே போனார். எதிர்ச் சுவரில் விரிசல் தன் பாட்டுக்கு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை, பதினோரு நிமிடம் பிடித்தது. பெட்டிதான் விரிவாக்கத்தில் இருக்கிறதே, மெதுவாகத்தான் நடக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தபோது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையைப் பார்த்தார்.

11 சதவீதம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினொன்றேதான். ஐந்து ஜிபி என்ன, ஐந்து நூலகத்தை வைக்கலாம். கதவைத் திறந்து, "இடம் கிடைச்சிருச்சு, வாங்க" என்றார். 

டீ அறையிலிருந்து எல்லாரும் வந்து பச்சை விளக்கைப் பார்த்தார்கள். கம்பி முதலில் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். ரிசப்ஷன் பெண் பச்சை விளக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பெரியவர் வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்படிப் பண்ணீங்க?"

 சொன்னால் இந்த நல்ல மனிதர் வருத்தப்படுவார் என்று பெட்டிக்காரருக்குத் தோன்றியது. "ஒரு சின்னத் தியாகம் சார். அப்புறமா சொல்றேன். முதல்ல நூலகத்தை அனுப்புங்க" என்றார்.

மணி பதினொன்றே முக்கால். எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். பெட்டிக்காரர் தன் அறையில் தனியாக உட்கார்ந்தார். வருத்தம் ஒரு பக்கம் இருக்க, பழைய குணம் மெல்லத் தலைதூக்கியது. ஆறு ஜிபியை எடுத்தால் 99 எப்படி 11 ஆகும்? நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். சரியாக வரவில்லை. அடித்துவிட்டு இன்னொன்று போட்டார். அதுவும் வரவில்லை. பத்து வரிகளுக்குக் கீழே பென்சிலால் பதினொன்றாவது வரி ஒன்றை இழுத்து, தன் பெயரை எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

வெளியே ஹாலில் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. முதலில் த்ரீடி அக்கா பக்கம், அப்புறம் கம்பி பக்கம், கடைசியாகப் பெரியவர் அறை.

டீ அக்கா அவருக்கான டீயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். போகாமல், புடவைத் தலைப்பைக் கையில் திருகிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"என்னக்கா?"

"இல்ல சார், பெட்டிதான் சரியாயிடுச்சே, என் பேரன் போட்டோவை மட்டும் உங்க விரிசல் ஃபோல்டர்லேர்ந்து எடுத்துக் கொடுத்துடறீங்களா? நீங்க எதை அழிச்சாலும் அதை மட்டும் தொடவே மாட்டீங்கன்னு பெரியவர் சொன்னதுலேர்ந்து, நூலகம் உள்பட எல்லாரும் எல்லாத்தையும் அங்கதானே கொண்டுபோய் வச்சிருக்கோம்."